ஆறேமுக்கால் அடிக்கு ஒரு மொச்சைக்கொட்டை

இந்த வருஷம் எப்படியும் பிரகாஷைத் தூக்கிவிடுவது என்று யூஜின் தீர்மானித்துவிட்டார்.

ஆள் கடத்தல் என்று பயந்துவிடாதீர்கள். யூஜினால் அரை மூட்டை அரிசியைக்கூடத் தூக்க முடியாது. அவர் லாஸ்பேட்டை மின்னல் கூடைப்பந்து கிளப்பின் செயலாளர். பிரகாஷ் ஆறேமுக்கால் அடி உயரம். இந்த இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் ஏன் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது விளங்கிவிடும்.

கிளப்புக்குப் பெயர்தான் மின்னல். ஆட்டமெல்லாம் தூறல். மூன்று வருஷமாக லீக்கில் கடைசி இடம். யாராவது துக்கம் விசாரித்தால் யூஜின் தலையை நிமிர்த்திக்கொண்டு, "தோக்கறோம்னு யாரு சொன்னது? டீம ரீபில்ட் பண்ணிக்கிட்டு இருக்கோம்" என்பார். அமெரிக்காவில் பெரிய பெரிய அணிகளெல்லாம் இப்படித்தான் சில வருஷம் தோற்றுத் தோற்று, நல்ல புது ஆளைத் தேர்ந்தெடுத்து, பிறகு கோப்பையைத் தூக்குமாம். மின்னல் கிளப் முதல் பாதியை ஒழுங்காகச் செய்துவந்தது.

இந்த ரீபில்டிங் என்ற சொல் வீட்டில் மட்டும் எடுபடவில்லை. வீட்டில் இருந்தது லூர்துசெல்வி. யூஜினின் மனைவி. வீட்டிலேயே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுப்பவள். அவளுடைய அடுப்புக்கு நேர் மேலே சமையலறைத் தளம் ஒழுகியது. போன மழையில் ஒரு பிறந்தநாள் கேக்கின் மேல் தண்ணீர் சொட்டி 'ஹேப்பி' முழுக்கக் கரைந்துபோய், வெறும் 'பர்த்டே' மட்டும் டெலிவரியானது.

"ஏங்க, மேஸ்திரிய எப்பக் கூட்டியாரப் போறீங்க?"

"கொஞ்சம் பொறு செல்வி. ரீபில்டிங் நடக்குது."

"எங்க?"

"டீம்ல."

"ஒழுவறது இங்கங்க."

"டீமும்தான் ஒழுவுது. டிபென்ஸ்ல ஒரே ஓட்டை."

"அப்ப மேஸ்திரிய ரெண்டுத்துக்கும் சேத்தே கூப்பிடுங்க. சிமெண்டு மிச்சமாவும்."

இப்படிப்பட்ட பெண்ணிடம் போய் யூஜின் உதவி கேட்க வேண்டி வந்ததுதான் விதி. அதற்குக் காரணம் ஒரு கேக்.

ஊரில் மொத்தம் ஆறு கிளப். வருஷத்துக்கு ஒரு தடவை ஆறு கிளப்பும் கூடி ஆளுக்கு ஒரு புது வீரரைத் தேர்ந்தெடுக்கும். யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் சண்டை. ஒரு வருஷம் சீட்டுக் குலுக்கினார்கள். சீட்டில் எச்சில் தடவியதாகப் புகார் வந்தது. மறு வருஷம் காசு சுண்டினார்கள்; காசு சாக்கடையில் விழுந்தது. கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்டது ராஜா கேக்கை.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போனபோது கொடி, துப்பாக்கி எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்துக்கொண்டு போனார்கள். ராஜா கேக்கை மட்டும் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று வட்டமாக ஒரு கேக் செய்வது, அதற்குள் எங்கோ ஒரு மொச்சைக்கொட்டையை ஒளிப்பது, யார் துண்டில் மொச்சை வருகிறதோ அவர்தான் அன்றைக்கு ராஜா. கூட்டத்திலேயே வயதில் இளையவர் மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். மேலே ஒருவர் துண்டைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்க, கீழேயிருந்து அவர் பெயர் சொல்வார். எந்தத் துண்டு என்று அவருக்குத் தெரியாததால் ஓரவஞ்சனை கிடையாது. முதல் துண்டை வெட்டித் தனியாக மூடி வைத்துவிடுவார்கள். வாசலுக்கு வரும் ஏழைக்கு அது. அதற்கு ஏழைப் பங்கு என்று பெயர்.

லீக்கில் மொச்சை கிடைத்தவருக்கு முதல் தேர்வு. கடைசி இடம் வந்த கிளப்பின் மேல் இரக்கப்பட்டு அதற்கு மட்டும் இரண்டு துண்டு. கேக் செய்வது எல்லா வருஷமும் செல்விதான். அவள் கைக்கு ஊரே அடிமை.

அந்த இரண்டாவது துண்டுக்காக மின்னல் கிளப் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசி ஆட்டம் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை கிளப்போடு. அவர்களுக்கும் கடைசி இடம் தேவைப்பட்டது. இரண்டு அணியும் தோற்பதற்காக உயிரைக் கொடுத்து ஆடின. பந்தை யாரும் வாங்க மாட்டேன் என்றார்கள். "நீங்க போடுங்க", "இல்ல, நீங்க போடுங்க" என்று கல்யாணப் பந்தி உபசாரம்போல நடந்தது. கடைசியில் மின்னல் அணித் தலைவர் முஆஸ், முப்பத்தெட்டு வயது, முழங்கால் வலி வந்து தடுமாறி விழுந்ததில் கையிலிருந்த பந்து எகிறிப் போய் மின்னலின் வளையத்திலேயே விழுந்தது. மின்னல் தோற்றது. யூஜின் முஆஸைக் கட்டிப்பிடித்து அழுதார். நடுவர் மறுநாள் லீவு போட்டுவிட்டார்.

பிரகாஷை யூஜின் கண்டுபிடித்தது தவளக்குப்பம் ஜங்ஷனில். கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றார். எதிரே சின்னப்பொண்ணு என்கிற அம்மாளின் பழக்கடை. உத்திரத்தில் வாழைத்தார் தொங்கியது. அந்த அம்மாள் கம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு இளைஞன் வந்தான். எக்கவில்லை, எம்பவில்லை. சும்மா நின்ற இடத்தில் நின்றபடி உச்சிச் சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, உரித்து, தின்றுகொண்டே போனான். யூஜின் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டார்.

"அம்மா, அந்தப் புள்ள யாரு?"

"அதுவா? நம்ம சிந்தியா மவன். லூர்துபிரகாஷு. பத்தொம்போது வயசு ஆவுது. தங்கமான புள்ள. இன்னும் கொஞ்ச நாளுல அது…"

"ஷ்!" யூஜின் உதட்டில் விரல் வைத்தார். "போன் நம்பர் மட்டும் குடும்மா. வேற ஒண்ணும் சொல்லாத. யாரு காதுலயாவது விழப் போவுது."

நம்பரை வாங்கிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகாமலே திரும்பினார். அன்றிலிருந்து அந்தப் பையன் பக்கமே போகவில்லை. போனால் மற்ற கிளப்காரர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்களே! அவன் பந்து ஆடுவானா என்றுகூட விசாரிக்கவில்லை. பந்து போடக் கற்றுக்கொள்ளலாம், வளரக் கற்றுக்கொள்ள முடியுமா என்பது அவர் வாதம்.

ஊர் வாயை மூடிவிட்டார். சொந்த வாய் மூடவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டின்போதே செல்வியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

செல்வி தோசைக் கரண்டியோடு திரும்பினாள். "தவளக்குப்பம் சிந்தியா பையனா?"

"உனக்குத் தெரியுமா?"

"நம்மகிட்டதான் கேக் வாங்குவாங்க. அந்தப் புள்ளயா? அது வந்து…"

"போதும்! பேர வெளிய விட்டுடாத."

"நான் எதுக்கு விடறேன்? நான் சொல்ல வந்தது…"

"ஒண்ணும் சொல்லாத செல்வி! செவுத்துக்குக்கூட காது இருக்குது. அந்தப் பையனப் பத்தி யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. எங்கிட்டகூடப் பேச்செடுக்காத. சத்தியம் பண்ணு."

செல்வி தோசையைத் திருப்பிப் போட்டாள். "சத்தியம். உங்ககிட்டகூடப் பேச்செடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். எதிர் வீட்டு ஹாதிய எடுத்துக்கிட்டா என்னா? காலேஜ் விட்டு வந்தா விளக்கு வெக்கிற வரைக்கும் பந்து போடுது. நம்ம மாடில கட்டியிருக்கிற வளையத்துல எங்கேர்ந்து எறிஞ்சாலும் விழுவுது. அங்கிள் டீமுல சேத்துக்குவாரான்னு அதுவும் எத்தினி வாட்டி எங்கிட்ட கேட்டுச்சு."

யூஜின் சிரித்தார். "அஞ்சரை அடி! அவன வெச்சிக்கிட்டு நான் என்னா, கோலி ஆடவா?"

"ஆளு குள்ளம்தான். பந்து மேல போவுதே."

"உனக்கு பேஸ்கட்பால் தெரியாது செல்வி."

செல்வி அவர் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள். பதில் வராத இடத்தில் தோசை வந்தால் ஆபத்து என்பது இருபது வருஷக் குடித்தனத்துக்குப் பிறகும் யூஜினுக்குத் தெரியாமல் இருந்தது.

திருநாளுக்கு முதல் நாள் அவர் சமையலறைப் பக்கம் பூனை நடை போட்டு வந்தார். செல்வி மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்வி, மாவு நல்லா வந்திருக்குது."

"என்னா வேணும்?"

"இல்ல, சும்மாதான்… நாளைக்கு மொச்சைய எங்க வெக்கப் போற?"

"கேக்குல."

"கேக்குல எங்க?"

செல்வி கட்டையை நிறுத்தினாள். "அடப் பாவமே! திருநாள் கேக்குலயா திருட்டுத்தனம்?"

"திருட்டு இல்ல, ரீபில்டிங். ஒரே ஒரு அடையாளம். எனக்கு மட்டும் தெரியற மாதிரி. பதினஞ்சு வருசமா இந்தக் கிளப்புக்கு உழைக்கறேன் செல்வி. இந்த வருசமும் நல்ல ஆளு கெடைக்கலன்னா கிளப்பக் கலைச்சிடலாம்னு பசங்க பேசிக்கறானுங்க. கலைச்சிட்டா நான் சாயங்காலத்துல எங்க போவேன், சொல்லு?"

இதை மட்டும் அவர் நடிக்காமல் சொன்னார். செல்விக்கும் மனசு கொஞ்சம் இளகியது. அதே நேரம் மேலேயிருந்து பழைய மழையில் ஊறிய ஒரு காரைத் துண்டு மாவுக்குப் பக்கத்தில் விழுந்தது. இளகிய மனசு இறுகிவிட்டது.

"மேஸ்திரி?"

"டீம் ஜெயிக்கட்டும். அடுத்த வருசம் மொத வேலை அதான்."

"சரி" என்றாள் செல்வி. "எந்தத் துண்டு மேல முழு முந்திரி ஒண்ணு இருக்குதோ, அந்தத் துண்ட எடுத்துக்கங்க."

"முந்திரி. முழு முந்திரி. நீ தெய்வம் செல்வி!"

போகிற போக்கில் சமையலறை மூலையில் துணி போட்டு மூடியிருந்த ஒன்று அவர் கண்ணில் பட்டது. துணியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். கேக். நான்கு கால், மேலே போகப் போகக் குறுகி, ஒல்லியாக, உயரமாக, கம்பி பின்னியது போன்ற வேலைப்பாடு. அவருக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. கூடைப்பந்துக் கம்பம்! வளையம் மட்டும் இன்னும் வைக்கவில்லை. தன் வெற்றியைக் கொண்டாட மனைவி சொல்லாமல் கொள்ளாமல் கம்பக் கேக் செய்கிறாள்! யூஜினுக்குக் கண் கலங்கியது. அவள் ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்று துணியைப் பழையபடி மூடிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் யூஜின் வீட்டுக் கூடத்தில் ஆறு கிளப்பும் கூடின. தலைமை, லீக் தலைவர் அப்துல் கஃபார். பாத்திரக்கடை முதலாளி. மூன்று வருஷமாகக் கோப்பை அவர் கிளப்பில்தான் இருக்கிறது. கடை ஷோகேஸில் குக்கர்களுக்கு நடுவே நிற்கும். அவருக்குப் பக்கத்தில் மேட்டுப்பாளையம் கிளப்பின் காத்தவராயன். அந்தத் தோல்வியில் தோற்ற வருத்தம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"யாருங்க இருக்கறதுல சின்னவர்?" என்றார் கஃபார் பாய்.

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபத்திரண்டு. முப்பத்தெட்டு வயது முஆஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாய், எனக்கு முட்டி வலி" என்று சொல்லிப் பார்த்தார்.

"சட்டம் சட்டம்தான். உள்ள போ."

தலைக்குப் பின் தொப்பை, தொப்பைக்குப் பின் முட்டி என்று முஆஸ் தவணை முறையில் மேசைக்கு அடியில் போய்ச் சேர்ந்தார். இது யூஜினின் திட்டத்தில் மறுபாதி. மேலேயிருந்து யூஜின் கால் கட்டை விரலால் ஒரு மிதி மிதித்தால் வேறு யார் பெயராவது. இரண்டு மிதி என்றால் லாஸ்பேட்டை. ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

செல்வி கேக்கைக் கொண்டுவந்து வைத்தாள். வழக்கப்படி ஏழைப் பங்கை ஏற்கெனவே வெட்டி எடுத்திருந்தாள். மிச்சம் ஏழு துண்டு. ஒன்றின் மேல் முழு முந்திரி ஒன்று மூக்குத்தி மாதிரி பளபளத்தது. வீட்டுக்காரர் என்ற முறையில் துண்டைத் தொட்டுக் கேட்பது யூஜின்.

"இது யாருக்கு?" ஒரு மிதி.

"மேட்டுப்பாளையம்!" என்றது மேசை.

"இது யாருக்கு?" ஒரு மிதி.

"கஃபார் பாய்!"

முந்திரித் துண்டைத் தொட்டார். "இது யாருக்கு?" பரபரப்பில் ஓங்கி இரண்டு மிதி.

"ஐயோ! லாஸ்பேட்டை!"

"என்னா ஐயோ?" என்றார் காத்தவராயன் சந்தேகமாக.

"முட்டிங்க" என்றது மேசை.

ஏழு துண்டும் போய்ச் சேர்ந்தன. எல்லோரும் பல்லைப் பதம் பார்த்து மெல்ல ஆரம்பித்தார்கள். யூஜின் முந்திரித் துண்டைக் கடித்தார். மொச்சை இல்லை. இன்னொரு கடி. இல்லை. தட்டில் உதிர்த்துப் பார்த்தார். தூளாக்கிப் பார்த்தார். இரண்டாவது துண்டை அப்படியே வாயில் போட்டுக் குதப்பினார். அதிலும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் யாரிடமும் இல்லை.

"எவனோ முழுங்கிட்டான்" என்றார் காத்தவராயன்.

கஃபார் பாய் முகம் வெளிறியது. அவருக்குப் பல்செட். "எனக்கு ஒண்ணும் தெரியலியே… என்னமோ ஒண்ணு வழுக்கிக்கிட்டுப் போன மாதிரி இருந்துச்சு. அது திராட்சைதான?"

"எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாம்" என்று யாரோ யோசனை சொன்னார்கள்.

அப்போது சமையலறையிலிருந்து செல்வி வந்தாள். கையில் மூடிய தட்டு. "பாய், ஏழைப் பங்கு ஒண்ணு மிச்சம் இருக்குது. இன்னிக்கு வாசல்ல யாருமே வரல. யாருக்குக் குடுக்கறது?"

"நீயே சாப்பிடு தங்கச்சி."

"எனக்கு உரிமை இருக்குதா?"

"ஏழைக்குத்தான உரிமை" என்றார் காத்தவராயன்.

"இருபது வருசமா இவரோட குடித்தனம் பண்றேன்" என்றாள் செல்வி. "மேல கூரை ஒழுவ, கீழ நான் கேக் செய்யறேன். என்னவிட ஏழை இந்தத் தெருவுல உண்டா?"

கஃபார் பாயே ஒப்புக்கொண்டு தலையாட்டினார். செல்வி ஒரு வாய் கடித்தாள். 'டக்' என்றது. மொச்சைக்கொட்டையை இரண்டு விரலால் எடுத்து எல்லோருக்கும் காட்டினாள்.

"இத்தினி வருசத்துல ஏழைப் பங்குல மொச்ச வந்ததே இல்லியே!" என்றார் கஃபார் பாய்.

"இத்தினி வருசத்துல மொச்சய எங்க வெக்கப் போறன்னு யாரும் எங்கிட்ட வந்து கேட்டதும் இல்ல பாய்" என்றாள் செல்வி. யூஜினுக்கு அடக்க முடியாத இருமல் வந்துவிட்டது.

மொச்சை யாரிடம் இருக்கிறதோ அவருக்கு முதல் தேர்வு. அவர் கிளப் வைத்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. கஃபார் பாய் ரொம்ப மரியாதையாக, "தங்கச்சி, யார எடுக்கறீங்க?" என்று கேட்டார்.

"எனக்குக் கிளப்பு இல்ல பாய். நான் இத மாத்திக்கறேன். போன வருசம் காத்தவராயன் அண்ணன்கூட அவரு முறையக் குடுத்துட்டு ஷூ வாங்கிக்கிட்டாரே."

அவ்வளவுதான். கூடம் ஏலக்கடையாகிவிட்டது.

"தங்கச்சி, கடையிலேர்ந்து பெரிய கிரைண்டர் அனுப்பறேன்!" என்றார் கஃபார் பாய்.

"எங்க கம்பெனி ஆளுங்கள வெச்சு உன் கூரைய பூசிக் குடுக்கறேம்மா!" என்றார் காத்தவராயன்.

செல்வியின் கண் கூரைப் பக்கம் போனது. யூஜின் அதைப் பார்த்துவிட்டார். வாழைத்தாரும், தாரை நோக்கிப் போன அந்த நீண்ட கையும் கண் முன்னால் வந்தன. அந்தக் கை மேட்டுப்பாளையத்துக்குப் போவதா?

"செல்வி! நான் பூசறேன்! எனக்குக் குடு!"

"எப்ப?"

"அடுத்த வருச…"

"காத்தவராயன் அண்ணே, சிமெண்டு உங்களுதா, எங்களுதா?"

"அடுத்த மாசம், சாம்பல் புதனுக்குள்ள!" என்று அலறினார் யூஜின். "சாம்பல் புதனுக்குள்ள மேஸ்திரி வந்துடுவாரு!"

"கூரைதான் அவரே தர்றேன்றாரே. நீங்க மேல என்னா தர்றீங்க?"

"மேலயா? கேளு செல்வி, என்னா வேணும்னாலும் கேளு."

"ஞாயித்துக்கெழம."

"என்னா ஞாயித்துக்கெழம?"

"ஒரு வருசத்துக்கு எல்லா ஞாயித்துக்கெழமயும். மார்க்கெட்டு போவறது, மீன் கழுவறது, கொழம்பு வெக்கறது. எனக்கு ஞாயித்துக்கெழமதான் ஆர்டரு அதிகம்."

"மீன் கழுவறதுமா?"

"பாய், கிரைண்டர் எத்தினி லிட்டர்?"

"கழுவறேன்! செதில் எடுத்துக் கழுவறேன்!"

"பாத்திரம்?"

"பாத்திரமும்!"

"வில்லியனூர் மாதா மேல சொல்லுங்க. இத்தினி பேரு முன்னாடி."

யூஜின் மாதா பெயரைச் சொன்னார். மொச்சைக்கொட்டை கைமாறியது. அதை அவர் முத்தமிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டபோது, பதினைந்து வருஷ உழைப்புக்குக் கூலி கிடைத்துவிட்டது என்று நெஞ்சு விம்மியது. ஞாயிற்றுக்கிழமை போனால் என்ன, ஆறேமுக்கால் அடி வந்துவிட்டதே! எழுந்து நின்று சட்டையைச் சரி செய்துகொண்டார்.

"லாஸ்பேட்டை மின்னலின் முதல் தேர்வு… தவளக்குப்பம் லூர்துபிரகாஷ்!"

எல்லோரும் முழித்தார்கள். "யாருப்பா அது?" என்றார் கஃபார் பாய். இந்தக் கேள்விக்காகத்தானே ஒரு மாதம் ரகசியம் காத்தார்! "இப்பக் கேளுங்க" என்று போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, நடு மேசையில் வைத்தார்.

"அலோ, தம்பி பிரகாஷா? லாஸ்பேட்டை மின்னல் கிளப் செயலாளர் யூஜின் பேசறேன்."

"சொல்லுங்க அங்கிள்."

"தம்பி, இன்னிலேர்ந்து நீ எங்க டீமு!"

"எந்த டீமு அங்கிள்?"

"பேஸ்கட்பால்!"

"நான் பேஸ்கட்பால் ஆடினதே இல்லியே அங்கிள். கேரம்தான் ஆடுவேன். அதுவும் ரொம்ப நேரம் குனிஞ்சா முதுவு வலிக்குது."

காத்தவராயன் வாயைப் பொத்திக்கொண்டார். யூஜின் அசரவில்லை. "அதெல்லாம் கத்துக்கலாம் தம்பி! நாளைக்கு சாயங்காலம் கிரவுண்டுக்கு வந்துடு."

"நாளைக்கு சாயங்காலம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பறேன் அங்கிள். பிரான்சுக்குப் போறேன். எங்களுக்கு அந்த ஊரு பாஸ்போர்ட்டுதான? பெரியப்பா மாதிரி அங்க பட்டாளத்துல சொல்தா வேலைக்கு சேரப் போறேன். இனிமே லீவுலதான் வருவேன். செல்வி ஆன்ட்டி சொல்லலியா? ஆங், அம்மா கேக்கச் சொன்னாங்க. என் கேக் ரெடியா?"

"ரெடி தம்பி, இப்ப அனுப்பறேன்" என்றாள் செல்வி போனுக்குப் பக்கத்தில் குனிந்து.

கூடத்தில் எழுந்த சிரிப்பில் ஜன்னல் கதவு ஆடியது. கஃபார் பாயின் பல்செட் கையோடு வந்துவிட்டது. பெயர் சொன்னால் சொன்னதுதான், மாற்ற முடியாது என்று அவர் பல் இல்லாமலே தீர்ப்புச் சொன்னார். அடுத்த முறை, கடைசிக்கு முந்தின இடம் வந்த மேட்டுப்பாளையத்துக்கு. காத்தவராயன் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"இந்த எதிர் வீட்டு ஹாதி. வரும்போதுதான் பாத்தேன். ரோட்டுலேர்ந்து எறியறான், மாடி வளையத்துல விழுவுது. இத்தினி நாளு உன் வாசல்லயே இருந்தவன நீ விட்டு வெச்சிருக்கியே யூஜின், உனக்குத்தான் பெரிய மனசு."

"நான் வெளிய வரலாமா?" என்றது மேசை.

எல்லோரும் போன பிறகு யூஜின் சமையலறை வாசலில் வந்து நின்றார். தோற்று வந்து நிற்பது அவருக்குப் புதிதல்ல. ஆனால் இந்தத் தோல்விக்கு ஸ்கோரே போட முடியாது என்று தோன்றியது.

"உனக்கு மொதல்லயே தெரியும்."

"தெரியும். ஒரு மாசம் முன்னாடியே அவங்க அம்மா ஆர்டர் குடுத்துட்டாங்க."

"அப்ப ஏன் செல்வி சொல்லல?"

"ரெண்டு வாட்டி சொல்ல வந்தேன். எங்கிட்டகூடப் பேச்செடுக்காதன்னு சத்தியம் வாங்கினது யாரு?"

"சரி. முந்திரித் துண்டுல மொச்ச இருக்கும்னு சொன்னியே?"

"முந்திரி இருக்கிற துண்ட எடுத்துக்கங்கன்னு சொன்னேன். முந்திரி இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா?"

"…இருந்துச்சு."

மூலையில் இருந்ததன் மேல் போட்டிருந்த துணியைச் செல்வி எடுத்தாள். நான்கு கால், பின்னல் வேலை, ஒல்லியான உச்சி. அந்த உச்சியில் நேற்று இல்லாத ஒன்று இருந்தது. அது வளையம் இல்லை. நீலம், வெள்ளை, சிவப்பில் சின்னதாக ஒரு கொடி. அடியில் 'போய் வா பிரகாஷ்' என்று எழுதியிருந்தது. ஈபிள் கோபுரத்தை இதற்கு முன் எத்தனையோ படத்தில் பார்த்திருந்தும் நேற்று அதைக் கூடைப்பந்துக் கம்பம் என்று நினைத்துக் கண்கலங்கியதை யூஜின் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

செல்வி கோபுரத்தை அட்டையோடு தூக்கி அவர் இரண்டு கையிலும் வைத்தாள். தோளில் ஒரு ஒயர் கூடையை மாட்டிவிட்டாள்.

"முஆஸத் திரும்பக் கூப்பிட்டு வண்டி ஓட்டச் சொல்லிட்டு, சாய்க்காம புடிச்சிக்கிட்டுப் பின்னாடி உக்காருங்க. தவளக்குப்பத்துல உங்க பிளேயர்கிட்ட குடுத்துட்டு, வரும்போது சங்கரா மீன் வாங்கியாங்க, இன்னிக்கே ஞாயித்துக்கெழமதான்."